கடைசிப் பாடம் முதலில்

கன்னியாகுமரி மாவட்டத்தில் அடிமுறை என்ற தற்காப்புக் கலையைக் கற்கப் போகிறவனிடம் ஆசான் வர்மத்தைப் பற்றி வாயே திறக்கமாட்டார். சுவடு வைக்கச் சொல்வார். விழச் சொல்வார், எழச் சொல்வார். களரியைப் பெருக்கச் சொல்வார். வெறுங்கை முடிந்து கம்பு வரும், கம்பு முடிந்து கத்தி வரும். ஆண்டுகள் ஓடும். சீடனுக்குக் கோபம் எப்போது வருகிறது, வந்தால் என்ன செய்கிறான் என்று அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். மனசுக்குத் திருப்தியான பிறகுதான் உடம்பில் எங்கே தட்டினால் என்ன ஆகும் என்ற பேச்சு எழும். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது அந்த மரபின் கணக்கு. அடிக்கும் இடத்தைச் சொன்னால் எடுக்கும் முறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். அடிபட்டவனை மீட்கும் அடங்கலும் இளக்குமுறையும் தெரியாதவன் கையில் வர்மம் போய்ச் சேரக் கூடாது. பல ஆசான்கள் எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் எண்ணெய் காய்ச்சும் வைத்தியர்களாகவும் இருப்பது தற்செயல் இல்லை.

1940-இல் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் ஒரு பழைய மாளிகையில் பிரிட்டிஷ் கமாண்டோக்களுக்குப் பாடம் எடுக்க ஒருவர் வந்தார். 55 வயது. மூக்குக்கண்ணாடி. ஓய்வுபெற்ற பாதிரியார் மாதிரி சாந்தமான முகம். பெயர் வில்லியம் ஈவார்ட் ஃபேர்பேர்ன். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் மோவாயை மேல்நோக்கி இடிப்பது, முழங்காலை அடிவயிற்றுக்குக் கீழே ஏற்றுவது, விறைத்த கை விளிம்பைத் தொண்டையில் இறக்குவது என்று எடுத்த எடுப்பிலேயே ஆளைச் சாய்க்கும் அடிகளில் ஆரம்பித்தார். குமரி ஆசான் பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்துச் சொல்லும் பாடம் அவருக்கு முதல் பாடம்.

இருவருக்கும் நடுவே இருக்கும் வேறுபாட்டை அறம் சார்ந்தது என்று சொல்லிவிடலாம். எனக்கு அது நாட்காட்டி சார்ந்தது என்று படுகிறது. குமரி ஆசானிடம் ஊரும் காலமும் இருந்தன. ஃபேர்பேர்னிடம் வந்தவர்கள் சில வாரங்களில் நாஜிகள் பிடித்துவைத்திருந்த ஐரோப்பாவில் இறங்கவிருந்தவர்கள். ஆசானுக்கு எத்தனை நாள் கிடைக்கிறது என்பதுதான் அவர் என்ன கற்பிப்பார் என்பதைத் தீர்மானிக்கிறது.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு சென்னையின் மேற்குப் புறநகரைச் சுற்றி வந்தால் பல விஷயங்கள் விளங்கும். அம்பத்தூர், கொரட்டூர், திருமுல்லைவாயில், ஆவடி, பூந்தமல்லி என்று எங்கே திரும்பினாலும் ஒரு மாடியில் கராத்தே வகுப்பு, ஒரு மைதானத்தில் சிலம்பம், ஒரு ஜிம்மின் பின்கட்டில் கிக் பாக்ஸிங். இப்போது கிராவ் மகா என்ற பெயரும் பேச்சில் அடிபடுகிறது. ‘தெருச் சண்டைக்கு உதவும் நிஜமான கலை’ என்று இளைஞர்கள் இதைத் தேடி வருகிறார்கள். இதைக் கற்றுக்கொடுப்பவரையும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வாரம் இரண்டு மாலை, மூன்று மாதம், கூடிப்போனால் ஆறு மாதம். அதற்குள் வேலையில் ஷிஃப்ட் மாறிவிடும், அல்லது பிள்ளைக்குப் பரீட்சை வந்துவிடும். அவருக்குக் கிடைக்கும் நாள் அவ்வளவுதான்.

ஷாங்காயில் வாங்கிய அடி

ஃபேர்பேர்ன் 1907-இல் ஷாங்காய் நகரக் காவல்துறையில் சேர்ந்தார். அபினி, சூதாட்டம், ஆள்கடத்தல் என்று அன்றைய உலகின் முரட்டுத் துறைமுகங்களில் ஒன்று அது. வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச காலத்தில் ஒரு கும்பல் அவரை அடித்துத் துவைத்துப் போட்டுவிட்டுப் போனது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது ஒகாடா என்ற ஜப்பானியரின் விளம்பரம் கண்ணில் பட்டதாகச் சொல்வார்கள். ஜுஜுட்சு கற்பிப்பதோடு எலும்பும் கட்டுபவர் இந்த ஒகாடா. அடியும் வைத்தியமும் ஒரே கையில். நாகர்கோவில் பக்கத்து ஆசான் ஒருவரை அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தால் இரண்டு பேரும் வெகு நேரம் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள்.

அந்த ஒகாடாவிடம்தான் ஃபேர்பேர்ன் முறையாகக் கற்றார். பிறகு ஜிகோரோ கானோ நிறுவிய டோக்கியோ கோடோகனின் கறுப்புப் பட்டையும் வாங்கினார். அறுநூறுக்கும் மேற்பட்ட கைகலப்புகளில் இறங்கியவர் என்று அவரைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. எண்ணியது யார் என்று கேட்கத் தோன்றினாலும் தெருவைப் பார்த்தவர் என்பதில் சந்தேகமில்லை. அவருடைய காவல்துறையில் பிரிட்டிஷ்காரர், சீனர், ஜப்பானியர் எல்லாரும் இருந்தார்கள். பஞ்சாபிலிருந்து போன சீக்கியர்களுக்குத் தனிப் பிரிவே இருந்தது. மொழி வேறு, உடல்வாகு வேறு, முன்பயிற்சி வேறு. இத்தனை பேருக்கும் குறைந்த நாளில் ஒரே பாடம் நடத்தியாக வேண்டும்.

ஃபேர்பேர்னின் பங்களிப்பு இந்த நெருக்கடியில் பிறந்தது. அவர் புதிதாக ஓர் அடியையும் கண்டுபிடித்துவிடவில்லை. இருந்ததை வெட்டினார். ஜுஜுட்சுவில் அழகானவை, நுணுக்கமானவை, எதிராளி ஒத்துழைத்தால் மட்டும் நடப்பவை எல்லாம் போயின. பயத்தில் விரல்கள் சொன்னபடி கேட்காது, பெரிய அசைவுகள் மட்டும்தான் மிஞ்சும் என்பதை அவர் தெருவில் பார்த்திருந்தார். அப்படி மிஞ்சியதற்கு டிஃபெண்டு என்று பெயர் வைத்து 1926-இல் புத்தகமாக்கினார். பயிற்சிக்காக ஒரு மர்ம வீட்டையும் அமைத்தார். மங்கிய வெளிச்சம், திடீர்ச் சத்தம், எதிர்பாராமல் எழும் பொம்மைகள். காவலர்கள் அதற்குள் போய் வெளியே வர வேண்டும். சண்டையைக் கற்பிப்பதைவிடச் சண்டையின் பதற்றத்துக்கு உடம்பைப் பழக்குவது முக்கியம் என்று முதலில் முறையாகச் செய்து காட்டியவர்களில் அவர் ஒருவர். இன்று எந்த ஊரிலும் ‘ஸினாரியோ டிரெயினிங்’ என்று ஒரு மாஸ்டர் விளக்கை அணைத்துப் பாட்டை அலறவிட்டு மாணவனைத் தள்ளிவிடுகிறார் என்றால், அவருக்குத் தெரிந்தோ தெரியாமலோ ஷாங்காயின் நிழல் அது.

போரில் அவர் புகழ் பரவியது. சகா எரிக் சைக்ஸுடன் சேர்ந்து வடிவமைத்த கத்தியை வில்கின்ஸன் கம்பெனி செய்து கொடுத்தது. 1942-இல் கைச்சண்டை பற்றிய அவருடைய புத்தகம் வந்தது. அமெரிக்க, கனடிய உளவுப் பயிற்சி முகாம்களுக்கும் போனார். அமெரிக்காவில் ரெக்ஸ் ஆப்பிள்கேட் இந்த முறையை ராணுவப் பாடமாக்கினார். அதன் பிறகு வந்த ராணுவக் கைச்சண்டைப் பாடங்கள் பலவற்றில் இவருடைய ரேகை இருக்கிறது.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். ஃபேர்பேர்னின் மாணவன் எதிரியை வீழ்த்திவிட்டு இருட்டில் மறைந்துவிடுவான். அவனுக்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது, ஜாமீன் மனு கிடையாது, எதிராளியின் உறவினர்கள் மறுநாள் வீட்டு வாசலில் வந்து நிற்கப்போவதில்லை.

குத்துச்சண்டை வீரர் தெருவுக்கு வந்தபோது

இமி லிக்டன்ஃபெல்ட் 1910-இல் புடாபெஸ்டில் பிறந்து பிராட்டிஸ்லாவாவில் வளர்ந்தவர். அப்பா சர்க்கஸில் வித்தை காட்டியவர், மல்லர், பிறகு போலீஸ் துப்பறிவாளர். மகன் குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜிம்னாஸ்டிக்ஸ் மூன்றிலும் பரிசுகள் வாங்கினார். 1930-களில் பாசிசக் கும்பல்கள் யூதக் குடியிருப்புகளில் புகுந்தபோது நண்பர்களோடு தெருவில் இறங்கினார். கோதாவில் ஜெயிக்க வைத்த பழக்கங்களே தெருவில் அடி வாங்க வைத்தன. அங்கே மணி அடிக்காது, எதிரே ஒருவர் மட்டும் நிற்கமாட்டார், கீழே விழுந்தால் நடுவர் வந்து எண்ண மாட்டார்.

1940-இல் பெஞ்சோ என்ற ஓட்டைக் கப்பலில் டான்யூப் வழியாக அகதிகளோடு தப்பினார். ஏஜியன் கடலில் அது தட்டி உடைந்தது. உதவி தேடிச் சின்னப் படகில் போனவர்களில் இவரும் ஒருவர். 1942-இல் பாலஸ்தீனம் வந்து சேர்ந்தார். யூத ஆயுதக் குழுக்களுக்கும் 1948-க்குப் பிறகு இஸ்ரேல் ராணுவத்துக்கும் பயிற்சியாளராக இருந்து 1964-இல் ஓய்வு பெற்றார். இவர் உருவாக்கியதுதான் கிராவ் மகா. ராணுவத்தில் அவருக்கும் ஃபேர்பேர்னின் பிரச்சினைதான்: ஆள் அதிகம், நாள் குறைவு. கழுத்தை நெரித்தால் கை தன்னிச்சையாக எங்கே போகுமோ அந்த அசைவையே தற்காப்பாக மாற்றினார். தடுப்பதும் தாக்குவதும் ஒரே வேளையில் நடக்க வேண்டும் என்றார்.

எனக்கு முக்கியமாகப் படுவது 1964-க்குப் பிந்தைய இமி. நெதன்யா என்ற கடலோர ஊரில் உட்கார்ந்து பொதுமக்களுக்குக் கற்பிக்க ஆரம்பித்தபோது, ராணுவப் பாடத்தை அப்படியே இறக்க முடியாது என்று அவருக்குப் புரிந்தது. சிறுவர்களும் வயதானவர்களும் வந்தார்கள். கொல்லத் தேவையில்லாதவர்கள், வீடு திரும்ப வேண்டியவர்கள். அதற்காகப் பாடத்தைப் படிகளாகப் பிரித்தார், பட்டைகள் வைத்தார், 1970-களின் தொடக்கத்தில் பயிற்சியாளர்களைத் தயார் செய்யும் வகுப்பு தொடங்கியது. வெட்டிச் சுருக்கிய கலை மறுபடி நீள ஆரம்பித்தது. 1998-இல் அவர் இறந்த பிறகு சீடர்கள் பல அமைப்புகளாகப் பிரிந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்றிதழ், தனிச் சின்னம், நேரடி வாரிசு என்ற உரிமை. நம்மூர் இசை மேடையிலும் அரசியல் மேடையிலும் பார்க்காததா!

விளம்பரங்களில் இந்தக் கலையோடு இஸ்ரேல் ராணுவத்தின் பெயரும் சேர்ந்தே வருகிறது. காசாவைத் தினமும் தொலைக்காட்சியில் பார்க்கும் காலத்தில் அந்தப் பெயர் பலருக்கு உறுத்துவது நியாயம். பாசிசக் கும்பலிடமிருந்து தப்பிக்கப் பிறந்த கலை ஒரு ராணுவத்தின் முத்திரையோடு விற்கப்படுவதில் இருக்கும் முரணைப் பயிற்சிக்கூடங்கள் பேசுவதில்லை. பேசினால் நல்லது.

டாங்கி செய்யும் ஊர்

ஆவடியில் தெருவுக்குத் தெரு சீருடை. கனரக வாகனத் தொழிற்சாலை, சி.ஆர்.பி.எஃப். முகாம், விமானப்படை நிலையம், தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் பட்டாலியன்கள். பூந்தமல்லியில் பதின்மூன்றாம் பட்டாலியன். 2022 ஜனவரியிலிருந்து ஆவடிக்கென்று தனிக் காவல் ஆணையரகம். போதாக்குறைக்குக் காவலர் தேர்வுக்காக விடியற்காலையில் மைதானங்களில் ஓடும் பையன்களும் பெண்களும். அந்தத் தேர்வு ஓட்டத்தையும் தாண்டலையும் கயிறு ஏறுவதையும் சோதிக்கிறது. சண்டையைச் சோதிப்பதில்லை. அது உள்ளே போன பிறகு, யு.ஏ.சி. என்று சுருக்கிச் சொல்லும் ஆயுதமற்ற சண்டைப் பயிற்சியாக வரும். அணிவகுப்பு, துப்பாக்கி, சட்டம், லத்தி எல்லாவற்றுக்கும் நடுவே அதற்குக் கிடைக்கும் நேரம் குறைவுதான்.

துப்பாக்கி இருக்கும்போது கை எதற்கு என்ற கேள்விக்கு 2020 ஜூன் 15 இரவு கல்வானில் பதில் கிடைத்தது. எல்லைக்கோட்டுக்கு இரண்டு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது என்று இந்தியாவும் சீனாவும் 1996-இல் செய்த ஒப்பந்தம் இருந்தது. கல், தடி, ஆணி அடித்த கட்டை, கை இவற்றால் நடந்த சண்டையில் 20 இந்திய வீரர்கள் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. அவர் பீரங்கிப் படைக்காரர். கிலோமீட்டர் கணக்கில் தள்ளி நிற்கும் இலக்கை அடிக்கப் பயின்றவர் கைக்கெட்டும் தூரத்துச் சண்டையில் உயிர் விட்டார். இறந்த பிறகு வீர் சக்ரா வழங்கினார்கள். ஆவடியில் அர்ஜுன் டாங்கியை உருட்டி வெளியே விடும் காலத்தில் எல்லையில் சண்டை கற்காலத்துக்குத் திரும்பியிருந்தது. அதற்குப் பிறகுதான் ராணுவத்தில் கைச்சண்டைக்கு மறுபடி மவுசு வந்தது.

நம் நாட்டில் இந்தத் துறையில் பெயர் பெற்ற ஆசிரியர்கள் என்றால் மும்பையைச் சேர்ந்த தீபக் ராவ், சீமா ராவ் தம்பதியைச் சொல்ல வேண்டும். இருபதாண்டுகளுக்கு மேல் ஊதியம் வாங்காமல் கமாண்டோக்களுக்கு நெருக்கச் சண்டை கற்பித்தவர்கள். சீமா ராவுக்கு 2019-இல் நாரி சக்தி விருது கிடைத்தது. ஆண் வீரர்கள் நிறைந்த முகாமில் ஒரு பெண் முன்னால் நின்று கற்பிக்கிறார் என்பதே பலருக்குப் பாதிப் பாடம்.

சென்னைக்கு வந்தால் ஷிஹான் ஹுசைனி. 2025 மார்ச் 25 அன்று ரத்தப் புற்றுநோயால் இறந்தார். ‘புன்னகை மன்னன்’, ‘பத்ரி’ படங்களில் பார்த்தவர்கள் இருப்பார்கள். அரசியல் தலைவர் மீதான பக்தியைக் காட்ட அவர் செய்த கூத்துகளைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் உண்டு, நானும்தான். ஆனாலும் கராத்தேயையும் வில்வித்தையையும் சென்னையில் ஒரு தலைமுறையின் வீட்டுப் பேச்சாக்கியதில் அவருக்குப் பங்குண்டு. அவர் கற்பித்த இஷின் ரியூ முறைக்கும் நாள் கணக்கோடு உறவு இருக்கிறது. 1956-இல் ஒகினாவாவில் தத்சுவோ ஷிமாபுகு உருவாக்கிய முறை அது. அவரிடம் கற்க வந்தவர்களில் பெரும்பகுதி அமெரிக்க மரைன்கள். ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்தில் மூட்டை கட்டிவிடுவார்கள். குட்டையான நிலைகள், முஷ்டியைத் திருப்பாமல் நேரே விடும் குத்து. அவர்கள் ஊர் திரும்பும்போது கலையும் கூடவே கப்பலேறியது.

இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் எழுந்தது. ஆயிரம் ஏக்கருக்கு மேல். லேத், பிரஸ், ஆயத்த ஆடை, இப்போது கண்ணாடிக் கட்டடங்களில் கணினி வேலை. பெண்களை இரவில் ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டத்தின் தடையை 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. பாகுபாடு என்றது தீர்ப்பு. கூடவே நிபந்தனைகளையும் வைத்தது: பெண்களைத் தனியாக இல்லாமல் குழுவாகப் பணியமர்த்த வேண்டும், வீட்டுக்கு வண்டி விட வேண்டும், ஓய்வறை வேண்டும். பெரிய கம்பெனிகள் வண்டி விடுகின்றன. சின்னப் பட்டறைகளிலிருந்து வருகிறவர்கள் பட்டரவாக்கம், அம்பத்தூர் ஸ்டேஷன்களுக்கு நடந்துபோய் அரக்கோணம் ரயிலைப் பிடிக்கிறார்கள்.

இவர்களுக்கு எந்தப் பாடம்? மோவாயில் இடிப்பதா?

2021 ஜனவரியில் சோழவரம் அருகே நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். சோழவரம் இப்போது ஆவடி ஆணையரகத்தில் இருக்கிறது, அன்று திருவள்ளூர் மாவட்டக் காவல்துறையில் இருந்தது. 19 வயதுப் பெண் ஒருவரை உறவுக்கார ஆள் கத்தி முனையில் பலாத்காரம் செய்ய வந்தார். அந்தப் பெண் கத்தியைப் பறித்துத் தாக்கியதில் அவர் இறந்துபோனார். பெண் நேரே காவல் நிலையம் சென்று நடந்ததைச் சொன்னார். காவல்துறை பழைய தண்டனைச் சட்டத்தின் 100-வது பிரிவைக் காட்டி, தற்காப்பு என்று ஏற்று அவரை விடுவித்தது. எனக்கு இரண்டு விஷயங்கள் கண்ணில் படுகின்றன. முதலாவது, வந்தவர் தெரிந்தவர். பலாத்கார வழக்குகளில் பெரும்பாலானவை அப்படித்தான். இருட்டுச் சந்தில் முகமூடி மனிதனை வைத்துப் பயிற்சி தரும் வகுப்பு, சித்தப்பா முறையில் வருகிறவரையும் மேஸ்திரியையும் பற்றிப் பேசாமல் விட்டால் அது சினிமாதான். இரண்டாவது, சட்டம்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யும் உரிமை இல்லை என்கிறது 37. உயிரே போனாலும் குற்றமாகாத சூழல்களை 38 சொல்கிறது. பலாத்கார முயற்சி அதில் உண்டு, 2013-இல் சேர்ந்த அமில வீச்சும் உண்டு. விழுந்தவனை மேலும் நாலு மிதி மிதித்தால் அந்த உரிமை அங்கேயே முடிந்துவிடும். ‘எதிரி அசையாமல் ஆகும்வரை நிறுத்தாதே’ என்று ராணுவப் பாடத்தை அப்படியே ஒப்பிக்கும் மாஸ்டர், மாணவனை எதிரியிடமிருந்து காப்பாற்றி நீதிமன்றத்தில் மாட்டிவிடுகிறார்.

அப்படியென்றால் குறைந்த நாளில் என்னதான் கற்பிக்க முடியும்? கனடாவில் சார்லின் சென் என்ற உளவியல் பேராசிரியர் தலைமையில் நடந்த ஓர் ஆய்வு 2015 ஜூனில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. மூன்று பல்கலைக்கழகங்களின் முதலாண்டு மாணவிகள் 893 பேர். ஒரு பாதிக்கு மொத்தம் 12 மணி நேரப் பயிற்சி, மறு பாதிக்குத் துண்டுப் பிரசுரம். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது பலாத்காரத்துக்கு ஆளானவர்கள் பயிற்சி பெற்ற பிரிவில் 5.2 சதவீதம், மற்றதில் 9.8 சதவீதம். ஆண்டுக்கணக்கில் அல்ல, பன்னிரண்டே மணி நேரத்தில் கிடைத்த வித்தியாசம் இது. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்திலும் அடி உதை சொல்லித்தந்தது ஒரு பகுதியில் மட்டும். மற்றவை வேறு பாடங்கள்: தெரிந்தவரிடம் ஆபத்தின் அறிகுறியை எப்படிக் கண்டுகொள்வது, ‘தப்பாக நினைத்துவிடுவாரோ’ என்ற தயக்கத்தை எப்படி உடைப்பது, குரலை எப்போது உயர்த்துவது, தனக்கு என்ன வேண்டும் என்பதை எப்படித் தெளிவாகச் சொல்வது. சத்தம் போடாதே என்று சொல்லியே வளர்த்த பெண்ணைச் சத்தம் போட வைப்பது குத்துவிடக் கற்பிப்பதைவிடக் கடினம். இந்த வகுப்புகளில் போய் நின்று பார்த்தால் தெரியும்; பேடில் ஓங்கி அடிக்கும் பெண்கள்கூட ‘விடு’ என்று கத்தச் சொன்னால் சிரித்துவிடுகிறார்கள்.

ஆகவே நல்ல மாஸ்டரை அவர் என்ன கற்பிக்கிறார் என்பதைவிட எதைக் கற்பிக்க மறுக்கிறார் என்பதை வைத்து அடையாளம் காணலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்று மாத மாணவனுக்குக் கத்தியைப் பறிக்கும் வித்தை சொல்லித்தர மாட்டார், ஓடச் சொல்வார். பைக்கில் வந்து செயினைப் பிடித்து இழுத்தால் விட்டுவிடு, ரோட்டில் இழுபட்டுத் தலையில் அடிபடாதே என்பார். நாலு பவுன் போகிறதே என்று நமக்குப் பதறும், அவர் கேட்கமாட்டார். வெளிநாட்டுப் பாடத்திட்டத்தில் வரும் கத்தி ஆறு அங்குலம், நம்மூரில் ஓங்குவது அரிவாள் என்பதை அவர் யோசித்திருப்பார். அந்தத் தூரக் கணக்கு சிலம்பக்காரருக்குப் பழக்கமானது. குத்துவரிசையும் பிடிவரிசையும் சிலம்பத்தோடு ஒட்டியே வந்தவை. ஆனால் 2024 ஜனவரியில் கேலோ இந்தியா போட்டிகளில் செயல்விளக்க விளையாட்டாக மேடை ஏறி, அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் இடம்பிடித்த பிறகு, சிலம்பம் புள்ளிகளை நோக்கி நகர்கிறது. பிள்ளைகளின் எதிர்காலத்துக்கு நல்லதுதான். வெறுங்கைப் பாடம் மெலிந்துவிடக் கூடாது என்ற கவலையை மட்டும் பதிவு செய்துவிடுகிறேன்.

மறுக்கத் தெரிந்த ஆசான் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தற்காப்புக் கலையில் உடம்பைத் தொடாமல் பாடம் நடத்த முடியாது. மாஸ்டர் சொன்னால் சரி என்ற பணிவும் அதில் சேர்ந்தால் என்ன நடக்கலாம் என்பதை 2021-இல் சென்னையில் பார்த்தோம். ஒரு தற்காப்புக் கலைப் பயிற்சியாளர் மாணவி கொடுத்த பாலியல் புகாரில் கைதானார். குமரி ஆசான் சீடனைப் பல்லாண்டு சோதித்தார் சரி, ஆசானைச் சோதிக்க மரபில் என்ன வழி இருந்தது? கதவு திறந்திருக்கும் வகுப்பு, வந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்ற அனுமதி, பெண்களுக்குப் பெண் பயிற்சியாளர், ‘வேண்டாம்’ என்று மாணவி சொன்னால் அந்தப் பயிற்சியை அங்கேயே நிறுத்தும் பழக்கம். இவை இல்லாத இடத்தில் கறுப்புப் பட்டை எத்தனை டிகிரி என்று விசாரிப்பது வீண்.

அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ராணி லட்சுமிபாய் பெயரால் மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி நடக்கிறது. கராத்தே, சிலம்பம் என்று பள்ளிக்குப் பள்ளி மாறும். மூன்று மாதம் போதாது என்று பயிற்சியாளர்கள் சொல்லக்கூடும். கனடா கணக்கு அதற்கு நேர்மாறு. மூன்று மாதத்தைக் கட்டா என்ற அசைவு வரிசைக்கும் ஆண்டுவிழா அணிவகுப்புக்கும் செலவழித்தால் போதாதுதான். வீட்டுக்குள் வரும் ஆபத்தைப் பற்றியும், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு எப்போது கூப்பிடுவது என்பதைப் பற்றியும், கையை உதறி ஓடுவதைப் பற்றியும் மட்டும் பேசினால் மூன்று மாதம் தாராளம்.

பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு இப்படி ஒரு ஏற்பாடாவது இருக்கிறது. தொழிற்பேட்டைப் பெண்களுக்கு இல்லை. புறநகர் வகுப்புகள் பெரும்பாலும் காலை ஆறு மணிக்கோ மாலை ஆறரை மணிக்கோ நடக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளையும் அலுவலகம் போகிறவர்களையும் கணக்கில் வைத்துப் போட்ட நேரம் அது. இரண்டாம் ஷிஃப்டில் இருக்கிறவர் அந்த நேரத்தில் மெஷின் முன்னால் நிற்கிறார். முதல் ஷிஃப்ட் முடித்தவர் வீட்டில் அடுப்பின் முன்னால். உயர் நீதிமன்றம் 2000-இல் வைத்த நிபந்தனைகளில் வண்டி உண்டு, ஓய்வறை உண்டு, பயிற்சி இல்லை. தீயணைப்பு ஒத்திகையைத் தொழிற்சாலைகள் வேலை நேரத்திலேயே நடத்துகின்றன. அதற்கு யாரும் சம்பளம் பிடிப்பதில்லை. மூன்று மணி நேரமாக நாலு தவணை, கம்பெனி வளாகத்துக்குள், ஷிஃப்ட் நேரத்துக்குள், பெண் பயிற்சியாளரை வைத்து நடத்துவதற்குப் பெரிய பணம் ஒன்றும் ஆகாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் உற்பத்தியாளர் சங்கமும் ஆவடி ஆணையரகமும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் அடுத்த மாதமே ஆரம்பித்துவிடலாம்.